கூப்பிடு தூரத்துச் சுருக்கம்

ஒரு பந்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதும் கேள்வியில் நான் இரண்டு முறை தோற்றவள். கணக்கில் தோற்றிருந்தால் கணக்கு எனக்கு ஓடாது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். பொது அறிவில் தோற்றிருந்தால் பேப்பர் படிக்க நேரமில்லை என்று சொல்லியிருக்கலாம். நானோ தமிழில் பட்டம் எடுத்தவள். மாங்கேணியில் யாருக்காவது ஒரு விண்ணப்பமோ முறைப்பாடோ எழுத வேண்டுமென்றால் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். அப்படிப்பட்டவள், குறைத்து எழுதச் சொன்ன கேள்வியில் கூட்டி எழுதித் தோற்றேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்றாவது முறைதான் கடைசி முறை. கிராம உத்தியோகத்தர் வேலைக்கான போட்டிப் பரீட்சைக்கு வயதெல்லை உண்டு. அடுத்த பரீட்சை வரும்போது நான் அந்த எல்லையைத் தாண்டியிருப்பேன். முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வேலை இருக்கிறதா இல்லையா என்று கேட்டுக்கொண்டே என் காலம் போய்விடும். எங்கள் பிரதேசத்துக்கு ஒரே ஒரு வெற்றிடம்தான் என்றும் பேச்சு அடிபட்டது. அந்த ஒரு கதிரையில் நான் உட்கார வேண்டும். அந்த வருடம் முழுவதும் எனக்கு வேறு நினைப்பு இருக்கவில்லை.

வாகரையில் சனிக்கிழமை காலைகளில் வகுப்பு நடந்தது. சேர் டவுணிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். என்னைவிட ஆறேழு வயது இளையவர், ஆனாலும் சேர் சேர்தான். ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்த கையோடு பழைய வினாத்தாள் ஒன்றை நீட்டுவார். ஒரு பந்தியில் விடுபட்ட வசனத்தைப் பூர்த்தி செய்வது ஒரு பயிற்சி. ஒரு நீண்ட பந்தியைச் சுருக்குவது அடுத்த பயிற்சி. சுருக்கத்துக்குக் கட்டம் போட்ட தாள் தருவார். ஒரு கட்டத்துக்கு ஒரு சொல். கட்டம் முடிந்தால் கதையும் முடிந்தது. அதற்கு மேல் எழுதியதை யாரும் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.

எனக்குக் கட்டம் எப்போதும் பாதி வழியில் முடிந்துவிடும். இதற்குக் காரணம் என் படிப்பல்ல, எங்கள் தேவாலயம். நாங்கள் மெதடிஸ்தக்காரர். பதினாறு வயதிலிருந்து அங்கே நன்றியுரை எழுதுவது நான்தான். ஒரு வருடம் அறுப்பின் பண்டிகைக்கு எழுதிய நன்றியுரையில், கதிரைகளை லொறியில் ஏற்றி வந்தவரை விட்டுவிட்டேன். சமைத்தவர், பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி தந்தவர் எல்லோரும் இருந்தார்கள், அவர் மட்டும் இல்லை. மனிதர் ஆராதனை முடியுமுன்னே எழுந்து போனார். அடுத்த வருடம் கதிரையும் வரவில்லை, அவர் வீட்டுச் சனமும் வரவில்லை. சபை மூப்பர்கள் இரண்டு தடவை போய்ப் பேச வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எந்தத் தாளில் எதை எழுதினாலும் ஒருவரையும் விடுவதில்லை என்பது என் பழக்கமாகிவிட்டது. வறட்சியைப் பற்றிய பந்தியில் நெல், சோளம், நிலக்கடலை, பயறு என்று நான்கு பயிர் வந்தால் நான்கையும் என் சுருக்கத்திலும் எழுதிவிடுவேன். பயறை விட்டால் பயறு கோபித்துக்கொண்டு போய்விடும் என்று மனம் பதறும். "இது நன்றியுரை இல்ல மிஸ்" என்று சேர் சிவப்புப் பேனையால் எழுதித் தந்தார். அவருக்கு இந்தக் கதை தெரியாது. தெரியாமலே சரியாகச் சொல்லிவிட்டார்.

அவளை முதல் சனிக்கிழமையே எனக்குப் பிடிக்கவில்லை. வகுப்பு தொடங்கி அரை மணித்தியாலம் கழித்து வந்தாள். பாவாடைக் கரை நனைந்திருந்தது, கையில் ஒரு பேனை, மடித்த கொப்பி ஒன்று. பனிச்சங்கேணிக்காரி. களப்பில் வலை போடும் குடும்பம். உயர்தரம் வரை படித்துவிட்டுக் கல்யாணம் முடித்தவள். என்னைவிட மூன்று வயது குறைவு, ஆகவே அவளுக்கு இன்னொரு பரீட்சை மிச்சம் இருந்தது. எனக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்ததால் அதில் வந்து உட்கார்ந்தாள். நண்டு வாடை லேசாக அடித்தது. நான் என் கொப்பியை ஒள்ளுப்பம், ஒரு விரலளவு, நகர்த்திக்கொண்டேன்.

அன்று சேர் ஒரு பந்தியை வாசித்தார். கடற்கரை ஊர் ஒன்றில் கிணறுகள் வற்றின. மக்கள் இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். தண்ணீர் வந்தது, ஆனால் வாயில் வைக்க முடியாத உப்பு. இதற்கு அடுத்த வசனத்தை எழுதுங்கள் என்றார். நான், "ஆகவே நீர் என்பது மனித வாழ்வின் இன்றியமையாத வளம் என்பதை நாம் அனைவரும் உணர்ந்து செயற்படல் வேண்டும்" என்று எழுதினேன். எழுதி முடித்து, அழகாக இருக்கிறதே என்று இரண்டு தடவை வாசித்தும் பார்த்தேன்.

அவளுடைய தாளை சேர் சத்தமாக வாசித்தார்: "அவர்கள் ஆழமாகத் தோண்டியதால்தான் உப்பு உள்ளே வந்தது."

சேர் தன்னிடமிருந்த விடைத்தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு அதை மடித்து வைத்துவிட்டு, "இதுதான் கூடச் சரி" என்றார். அந்த வசனம் அந்தப் பந்திக்குள்ளேயே எங்கோ கிடந்திருக்கிறது. அவள் அதைக் கையை விட்டு எடுத்துக் காட்டியிருக்கிறாள். நான் வெளியிலிருந்து ஒரு மேடைப் பேச்சைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறேன். வியப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தால் எது முந்தும் என்று அன்று எனக்குத் தெரிந்தது. எரிச்சல்தான் முந்தியது.

சுருக்கமும் அப்படித்தான். பந்தியை ஒரு தடவை வாசிப்பாள். பேனையைக் கீழே வைப்பாள். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பாள், தாடையைக் கொஞ்சம் உயர்த்தி, எதிரே யாரோ நிற்பதுபோல. பிறகு எடுத்து எழுதினால் அடித்தல் திருத்தல் கிடையாது. இரண்டு மூன்று கட்டம் எப்போதும் வெறுமையாக இருக்கும். எழுத்துத் தமிழ் மட்டும் அவளுக்குச் சறுக்கும். "என்று" என்பதை "எண்டு" என்று எழுதிவிடுவாள். அதைப் பார்த்து நான் ஆறுதல் பட்டுக்கொள்வேன்.

ஏதோ பழைய வினாத்தாள் தொகுப்பு ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அதைக் கண்டுபிடிப்பதற்காக ஒரு புதன்கிழமை முன்பள்ளி விட்டதும் ஸ்கூட்டியில் பனிச்சங்கேணிக்குப் போனேன். கொப்பி ஒன்று இரவல் கேட்க வந்ததாகச் சொல்ல ஒரு பொய்யும் தயாராக வைத்திருந்தேன்.

வீட்டில் ஆள் இல்லை. களப்புக் கரையில் நின்றிருந்தாள். கச்சான் காற்றுக் காலம் அது. மேற்கிலிருந்து களப்பின் மேலாக வந்து முகத்தில் அறையும் காற்று. தூரத்தில், எனக்கு ஆள் யாரென்று தெரியாத தூரத்தில், ஒரு தோணி. அவளுடைய கணவர் அதில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார். கரையில் என்னைக் கண்டதும் அவள் ஆச்சரியப்படவில்லை. "நில்லுகா, ஒரு விசயம் சொல்லிட்டு வாறன்" என்றாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் வயது பார்க்காமல் ஒருவருக்கொருவர் "கா" போட்டுத்தான் பேசுவோம்.

என்ன விசயம் என்று கேட்டேன். அவள் சொன்னாள். நண்டும் இறாலும் வாங்க வரும் கூலர் லொறி இன்றைக்கு வழக்கமான நேரத்துக்கு முன்னே வந்துவிட்டது. வழக்கமான இடத்தில் நிற்காமல் பாலத்தடியில் நிற்கிறது. இறால் வேண்டாமாம், நண்டு மட்டும்தான் எடுப்பார்களாம். ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்பிவிடுவார்களாம். அதோடு சின்ன மகளுக்குக் காய்ச்சல், மாமி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறா. இவ்வளவையும் எனக்குச் சொல்லிவிட்டு, களப்பைப் பார்த்துத் திரும்பினாள். தாடையை உயர்த்தினாள். கண்ணை மூடினாள். உதடு அசைந்தது.

பிறகு கூப்பிட்டாள். "பாலத்தடி. நண்டு. சுறுக்கா."

மூன்று சொல். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டு, காற்று தணியும் இடம் பார்த்து. தோணியில் நின்றவர் கையை உயர்த்தினார். அவரும் பதிலுக்கு ஏதோ கத்தினார். எனக்குக் கேட்டது "...கட்டை..." என்பதும், கொஞ்சம் கழித்து "...ரெண்டு..." என்பதும்தான். மற்றதெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"வலை கட்டையில சிக்கிட்டாம். மற்ற ரெண்டு வலையையும் தூக்கிட்டு வாறாராம். சிக்கினத மறுகா வந்து எடுப்பாராம்" என்றாள்.

"இவ்வளவும் உனக்கு எப்படிக் கேட்டிச்சி?"

"கேக்கல்ல. ரெண்டு சொல்தான் கேட்டிச்சி. மிச்சம் என்னவா இரிக்கும் எண்டு விளங்கும்தானே."

அரை மணித்தியாலத்தில் தோணி கரைக்கு வந்தது. இரண்டு வலை நண்டு இருந்தது. மூன்றாவது வலை கட்டையில் சிக்கிக் கிடக்கிறது என்று அவர் சொன்னார். நான் அவரைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், களப்பைப் பார்த்தேன். மூன்று வருடம் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் படித்தும் எனக்குப் பிடிபடாத ஒன்று இங்கே நனைந்த பாவாடையோடு நின்றுகொண்டிருந்தது. எரிச்சலை அன்று வியப்பு முந்திவிட்டது. சும்மா சொல்லவில்லை, எனக்குக் கைகூப்பத் தோன்றியது.

அவர்களிடம் போன் இல்லாமல் இல்லை. தோணிக்குக் கொண்டுபோன இரண்டு போன்கள் களப்பில் விழுந்த பிறகு, இப்போதுள்ள போன் வீட்டுக் கூரைவளையில் தொங்கும் பையில்தான் இருக்குமாம்.

ஒரு கேள்வி மட்டும் எனக்கு உள்ளே குடைந்தது. அவர் நண்டைக் கொண்டு பாலத்தடிக்குப் போன பிறகு கேட்டேன். "புள்ளைக்குக் காய்ச்சல் எண்டத நீ சொல்லல்லயே."

"சொன்னா வலையை அப்படியே போட்டுட்டு ஓடி வருவார். வந்து என்ன செய்யிற? மாமி கொண்டு போயிட்டாதானே. அது கரைக்கு வந்தாப்பிறகு சொல்றது." அப்படியே சொல்லிவிட்டுத்தான் அனுப்பியுமிருந்தாள். நான்தான் நண்டை எண்ணுவதைப் பார்த்துக்கொண்டு அதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

"எத விடுறது, எதச் சொல்றது எண்டு எப்படிக்கா தெரியும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை போலும். "எது போய்ச் சேராட்டி அவர் பிழையாச் செஞ்சிருவாரோ, அதச் சொல்லணும். மிச்சத்த விடலாம். விட்டா கோவிக்க மாட்டார்."

விட்டால் கோபிக்க மாட்டார். பதினெட்டு வருடமாகக் கதிரைக்காரரைத் தூக்கிச் சுமந்துகொண்டு திரிந்த எனக்கு அந்தச் சொல் நெஞ்சுக்குள் இறங்கியது. கொப்பி இரவல் கேட்க மறந்து வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு புதன்கிழமை தோறும் போனேன். பேரம் ஒன்று பேசிக்கொண்டோம். நான் அவளுடைய எழுத்துத் தமிழைத் திருத்துவது, அவள் எனக்குச் சுருக்கம் பழக்குவது. பழக்கும் முறை இதுதான். நான் கரையில் நிற்பேன். அவள் கண்டல் மரங்கள் நிற்கும் திருப்பம் வரை நடந்து போய்விடுவாள். நான் வினாத்தாளில் உள்ள பந்தியை வாசித்துவிட்டு, அதன் சாரத்தை அவளுக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவள் திரும்பி வந்து, கேட்டதை எனக்குச் சொல்வாள்.

முதல் நாள் கண்டல் காடுகளைப் பற்றிய பந்தி. கண்டல் மரத்தின் வேர்கள் கரையை அரிப்பிலிருந்து காக்கின்றன. அவற்றுக்கிடையில் இறாலும் மீனும் குஞ்சாக இருக்கும்போது ஒளிந்து வளர்கின்றன. விறகுக்காகவும் இறால் பண்ணைக்காகவும் மனிதர் அவற்றை வெட்டுகின்றனர். அதனால் சில வருடங்களில் மீன்பாடு குறைகிறது. நான் நெஞ்சை நிமிர்த்தி, "கண்டல் தாவரங்களானவை கரையோரச் சூழலின்" என்று தொடங்கினேன். காற்று வாய்க்குள்ளேயே புகுந்து இருமல் வந்தது. அவள் திரும்பி வந்து, "கண்டல் எண்டது கேட்டிச்சி. மறுகா இருமினாய்" என்றாள்.

ஏழு தடவை கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. கரையில் வலை காய வைத்துக்கொண்டிருந்த சனம் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. ஒரு பட்டதாரி களப்பைப் பார்த்து வேரைப் பற்றியும் அரிப்பைப் பற்றியும் கத்திக்கொண்டிருந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? சொல்லை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டேன். "தாவரங்களானவை" போனது. "சூழல்" போனது. விறகும் பண்ணையும் போயின, போகும்போது எனக்கு வலித்தது. எட்டாவது தடவை காற்று தணியும் வரை பொறுத்து நின்று கூப்பிட்டேன். "கண்டல வெட்டினா இறால் இல்ல."

பதில் அவளிடமிருந்து வரவில்லை. அதற்கும் அப்பால், களப்புக்குள் நின்ற தோணியிலிருந்து அவளுடைய கணவர் கத்தினார். "மெய்தான்."

கரை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். யாரோ தாளில் எழுதிய ஒரு பந்தி, நான் பார்க்காத ஒரு மனிதரின் எழுத்து, ஐந்து நிமிடத்தில் நான்கு சொல்லாகித் தண்ணீரைத் தாண்டிப் போய், அதைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் சேர்ந்து, அவர் ஆமென்று சொல்லிவிட்டார். பரீட்சைக்குப் படிக்கும் விசயம் இவ்வளவு பெரியது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. இரவல் வாங்கிய வித்தையாக இருந்தாலும் அந்த நிமிடம் என்னுடையது.

இனிச் சொல்லப்போவது எனக்கு நல்ல பெயர் தராது. பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. அன்று சேர் ஒன்று சொன்னார். சுருக்கத்துக்குத் தலைப்பு எழுதச் சொல்லிக் கேள்வியில் இல்லாவிட்டாலும், கட்டங்களுக்கு மேலே ஒரு தலைப்பு எழுதிவிடுங்கள், அதற்குத் தனியாகப் புள்ளி போடுவார்கள் என்றார். நான் எழுதி வைத்துக்கொண்டேன். புதன்கிழமை போனபோது அவளிடம் சொல்லவில்லை. மறக்கவில்லை, தெரிந்துதான் சொல்லவில்லை. ஒரு கதிரை, இரண்டு பேர், எனக்கு இனி இல்லை, அவளுக்கு இன்னொன்று இருக்கிறது. இந்தக் கணக்கு என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவளுடைய பயிற்சித் தாளைத் திருத்தும்போது, வெறுமையாகக் கிடந்த அந்த மேல் பக்கத்துக்கு என் விரல் தானாகப் போனது. விரலை எடுத்துக்கொண்டேன். "எல்லாம் சரி" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

பரீட்சை டவுணில். அன்று காலை பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். அவள் நனையாத பாவாடை கட்டியிருந்தாள், தலைக்குப் பூ வைத்திருந்தாள். பாலத்தைத் தாண்டும்போது எழுந்து தன் கரையை எட்டிப் பார்த்தாள். வழியெல்லாம் பொறுத்துப் பார்த்தேன், டவுண் நெருங்க நெருங்க முடியவில்லை. "சுருக்கத்துக்கு மேல ஒரு தலைப்புப் போடுகா. சேர் சொன்னவர். நான்தான் உனக்குச் சொல்லல்ல" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

"யார் சொன்ன?"

"நீதான். அண்டைக்கு என்ட தாளில மேல விரல வச்சிட்டு எடுத்தாய். அங்க என்னமோ வரணும், அத நீ சொல்ல விரும்பல்ல எண்டு விளங்கிச்சி. பழைய தாள்களப் பார்த்தன். சிலதில தலைப்புக் கேட்டிரிந்திச்சி, அதுதான்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கோபமில்லை. பிந்தி வந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. தெரிந்த பிறகும் அடுத்த புதன்கிழமை அவள் எனக்கு வெறும் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள், தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்க வைத்து என் மூச்சைத் திருத்தினாள். இவளோடு போட்டி போட நான் யார் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுகா. இறங்கிற இடம் வருகுது" என்றாள்.

மண்டபத்தில் வந்த பந்தி மழைநீரைத் தொட்டிகளில் சேமிப்பது பற்றியது. ஓட்டுக் கூரை, தகரக் கூரை, தண்ணீர் வடியும் பீலி, வடிகட்டி, மூடி, நுளம்பு எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொன்றும் என்னை எழுது என்னை எழுது என்று கையைத் தூக்கியது. நான் பேனையைக் கீழே வைத்தேன். கண்ணை மூடினேன். மண்டபத்தின் அந்தக் கோடியில், மேற்பார்வையாளர் நின்ற இடத்தில், ஒரு தோணியை நிறுத்தினேன். முகத்துக்கு நேரே கச்சானையும் விட்டேன். எது போய்ச் சேராவிட்டால் அங்கே நிற்பவர் பிழையாகச் செய்வார்? எழுதினேன். தலைப்புப் போட்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு கட்டம் மிச்சம் வந்தது. அந்த இரண்டு வெறும் கட்டத்தையும் வெளியே வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெறுபேறு வர மாதங்கள் போயின. அவளிடம் இருந்தது பொத்தான் போன், ஆகவே அவளுடைய சுட்டெண்ணும் என் போனில்தான் இருந்தது. இரண்டு அனுமதி அட்டையையும் பக்கத்தில் வைத்து எடுத்த படம் அது. ஒரு செவ்வாய்க்கிழமை, முன்பள்ளியில் பிள்ளைகள் பால்மா குடித்துக்கொண்டிருந்தபோது, பட்டியல் வந்துவிட்டது என்று வகுப்புக் குழுவில் செய்தி வந்தது. திறந்து பார்த்தேன். எங்கள் பிரதேசத்துக்கு நேரே ஒரே ஒரு எண். பேச்சு பொய்யாகவில்லை. அது அவளுடையது.

மேலே போய்ப் பார்த்தேன், கீழே வந்து பார்த்தேன். என்னுடையதை எங்கேயும் காணவில்லை. பிறகு என் சுட்டெண்ணை அடித்துப் புள்ளியைத் தனியாகப் பார்த்தேன். மொழியில் நல்ல புள்ளி, நான் கனவிலும் நினைக்காத புள்ளி. பொது அறிவில் வழுக்கியிருந்தேன். அந்தக் கதிரை இனி எனக்கு இல்லை. பிள்ளைகளின் கோப்பைகளைக் கழுவி வைத்தேன். பெற்றோர் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை இருந்தேன். பிறகு ஸ்கூட்டியை எடுத்தேன்.

பனிச்சங்கேணியில் அவர்கள் வீடு பூட்டியிருந்தது. போனை அடித்தால் உள்ளே கூரைவளையில் அடித்தது. கரைக்குப் போனேன். தோணி வெகு தூரத்தில் நின்றது. அவர் கம்பு ஊன்றிக்கொண்டிருக்க, அவள் குனிந்து வலை தூக்கிக்கொண்டிருந்தாள். கச்சான் திரும்பவும் பிடித்திருந்தது. வரும்வரை காத்திருந்து சொல்லியிருக்கலாம். ஆனால் இப்படி ஒரு செய்தியை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் சும்மா நிற்க என்னால் முடியாது. ஒரு தடவை வைத்திருந்து பட்டதே போதும்.

கண்ணை மூடினேன். சொல்ல நிறைய இருந்தது. பட்டியல் வந்துவிட்டது, நம் பிரதேசத்துக்கு ஒருவர்தான், அது நீ, நேர்முகத்துக்குச் சான்றிதழ்களை எடுத்து வை, எனக்குக் கிடைக்கவில்லை, எனக்கு இனி வயது இல்லை, ஆனால் சுருக்கத்தில் நல்ல புள்ளி, அது உன்னால். எது போய்ச் சேர வேண்டும் என்று பார்த்தேன். மற்றதைக் கரைக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். காற்று தணியும் இடம் வந்தது. தாடையை உயர்த்தினேன்.

"உனக்குக் கிடைச்சிட்டு."

ஒரே தடவைதான் கூப்பிட்டேன். அது போய்ச் சேர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவள் நிமிர்ந்தாள். அவளுடைய கணவர் கம்பை விட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். தோணி ஆடியது. ஆனால் அவள் கையைத் தூக்கவில்லை. பாதி தூக்கிய வலையைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வலையைத் திரும்பத் தண்ணீருக்குள் விட்டாள். அவரிடம் ஏதோ சொன்னாள். அவருடைய கைகள் மெதுவாகக் கீழே இறங்கின. தோணி கரையைப் பார்த்துத் திரும்பியது.

இடுப்பளவு தண்ணீரிலேயே குதித்து இறங்கி நடந்து வந்தாள். நான் சிரித்த முகமாக நின்றேன். வாழ்த்துச் சொல்ல, நல்ல வசனமாகவே ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். அவள் ஈரக் கையால் என் கையைப் பிடித்தாள்.

"மிச்சத்தக் கொண்டுபோனது காத்து இல்லகா" என்றாள். "நீதான் சொல்லாம வச்சிக்கிட்டு நிக்கிறாய்."

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.